ரூட்டர் மாற்றிய கிழமை

செல்வநாயகத்தின் வீட்டுத் தொலைபேசிக்குக் கனடா இலக்கம். மன்னார் மாவட்டத்து அடம்பனிலிருந்து மூன்று கிலோமீற்றர் உள்ளே, மீள்குடியேற்றத்தில் கிடைத்த இரண்டறை வீடு. பூசாத சுவரோரமாக ஒரு மேசை, மேசையில் உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி, பெட்டியில் கொழுவிய ஒரு சாதாரணத் தொலைபேசி. ரொறன்ரோவில் இருக்கும் மகன் கீர்த்தனன் அனுப்பியது. பெட்டியை வீட்டு இணைய ரூட்டரோடு ஒரு வயரால் தொடுத்துவிட்டால் போதும். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ரொறன்ரோவுக்கு எடுக்கிற மாதிரி எடுத்தால் அடம்பனில் மணி அடிக்கும்.

அந்த மணிக்கு உரியவள் மகள் பிரேமினி. அவள் திருச்சி அகதி முகாமில் இருந்தாள். அங்கிருந்து இலங்கைக்குப் பேசக் காசு கூட, கனடாவுக்குப் பேச மலிவு. அது போக, இலங்கை இலக்கம் என்று சொன்னாலே தொலைபேசிக் கடைக்காரர்கள் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆகவே அவளுடைய குரல் திருச்சியில் கிளம்பி, பாதி உலகத்தைச் சுற்றி ரொறன்ரோவுக்குப் போய், அங்கிருந்து திரும்பி, இடையில் கிடக்கும் சின்னக் கடலுக்கு இந்தப் பக்கம் வந்து சேரும்.

தொண்ணூறாம் ஆண்டு குடும்பமாகப் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர்கள். இருபத்தொரு வருடம் முகாமில் இருந்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு செல்வநாயகமும் மனைவி சிவலட்சுமியும் திரும்பி வந்தார்கள். பிரேமினி வரவில்லை. அதற்கு முன்பே அவள் பக்கத்துக் குடிசை ஜெகதீபனைக் கட்டியிருந்தாள். ஜெகதீபன் மன்னார்க் கரையில் தாழ்வுபாட்டு லோறன்ஸின் மகன், கிறிஸ்தவ வேதக்காரர், கடற்றொழில் குடும்பம். வேதத்தைத்தான் செல்வநாயகம் காரணமாகச் சொன்னார். சாதியை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும் முகாமில் அதை விளங்காதவர் இல்லை. விமானம் ஏறுகிற அன்று கைக்குழந்தையோடு வந்து நின்ற மகளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு தாயும் மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார்கள். செல்வநாயகம் பக்கத்துக் கதிரையில் இருந்து, வேறெதையோ பார்ப்பதுபோல, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். வந்த வருடத்திலேயே சிவலட்சுமி காய்ச்சலில் போய்விட்டாள். செத்த வீட்டுக்கு வர முகாமை விட்டு வெளிக்கிட அனுமதி கேட்டு பிரேமினி எழுதிக் கொடுத்த கடிதம், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகுதான் கையெழுத்தாகி வந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு மாலை மணி அடித்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை. செல்வநாயகம் எடுத்தார். “அப்பாவே?” என்று அவள் கேட்டாள். அவர் பேசவில்லை. வைத்துவிடவும் இல்லை. அவள் கொஞ்சம் அழுதாள், பிள்ளை ஹம்சிகா நடக்கத் தொடங்கியதைச் சொன்னாள், பிறகு, “வைக்கிறன் அப்பா” என்றாள்.

அப்படியே அது ஒரு வழக்கமாகிப் போனது. பதினான்கு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் மணி அடிக்கும், அவர் எடுப்பார், அவள் பேசுவாள், அவர் கேட்பார். அவருடைய இருமலும் கதிரை கிறீச்சிடுவதும் வெளியில் மாடு கத்துவதும் அவளுக்குக் கேட்கும். இருமல் இன்னும் விடவில்லைப் போல, ஆடாதோடை அவித்துக் குடியுங்கோ என்பாள். அடுத்த நாள் அவர் ஆடாதோடை இலை தேடிப் போவார்.

கோபம் எப்போது போனதென்று அவருக்கே தெரியாது. அது எழும்பிப் போன இடத்தில் வெட்கம் வந்து குந்திக்கொண்டது. முதல் ஞாயிறு பேசாத மனிசன் இரண்டாம் ஞாயிறு எந்தச் சொல்லோடு தொடங்குவது? பத்தாம் ஞாயிறு வந்தபோது அதைப்பற்றி யோசிக்கவே பயமாயிருந்தது. ஒவ்வொரு முறையும் அடுத்த முறை என்று நினைத்துக்கொண்டு ரிசீவரை வைப்பார்.

ஐப்பசி மாதம் அடித்த இடியில் ரூட்டர் எரிந்தது. அது தொலைபேசிக் கம்பனி கொடுத்த ரூட்டர். வேறொன்று தர ஒரு மாதம் ஆகும் என்று கம்பனியில் சொன்னார்கள். ஒரு மாதம் என்றால் நான்கு ஞாயிறு. செல்வநாயகம் பஸ் ஏறி மன்னார் ரவுணுக்குப் போனார். கணினிக் கடை வைத்திருந்த நிதர்சன், சொந்தமாக ஒரு ரூட்டர் வாங்கினால் கம்பனியை எதிர்பார்க்கத் தேவையில்லை என்று சொன்னான். வெள்ளிக்கிழமை அவனே மோட்டார் சைக்கிளில் வந்து புது ரூட்டரைப் பூட்டினான். எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்தன. கறுப்புப் பெட்டிக்கு ஒரு அழைப்பு எடுத்துப் பார்த்தான், மணி நன்றாக அடித்தது. மணி அடித்தால் சரிதானே என்று இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

ஞாயிறு மாலை வழக்கம்போல் ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. ஆனால் பிரேமினியின் குரல் வழக்கம்போல் இல்லை. அவள் முகாமில் இல்லையாம். கேரளக் கரையில் ஒரு ஊரில், ஒரு லொட்ஜில், இன்னும் பல குடும்பங்களோடு இருக்கிறார்களாம். கைபேசிகளை எல்லாம் ஏஜன்சிக்காரர் வாங்கி வைத்துவிட்டார்களாம். பால் வாங்கப் போகிற சாட்டில் ஒரு கடைக்கு வந்து பேசுகிறாளாம்.

“வியாழக்கிழமை இரவு படகு வெளிக்கிடுதப்பா. அவுஸ்திரேலியாவுக்கு. இருபது நாள் எண்டு சொல்லுறாங்கள். ஹம்சிகாவையும் கொண்டுதான் போறம்.”

செல்வநாயகம் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.

அவள் தொடர்ந்தாள். தனக்கு விருப்பமில்லை என்றாள். ஜெகதீபனுக்கும் முழு விருப்பம் இல்லை. முகாமில் பிள்ளையை எத்தனை வருடம் வளர்ப்பது, மன்னாருக்குப் போகலாமென்றால் தாழ்வுபாட்டில் தகப்பனுக்கு இருந்த துண்டுக் காணியும் இப்போது இல்லை, போய் யாருடைய வாசலில் நிற்பது என்று கேட்கிறான். அதற்கு அவள் அப்பா இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்திருக்கிறான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, உன்ர அப்பா வா எண்டு ஒரு சொல் சொல்லட்டும், நான் படகு ஏறேல்லை, ஊர் திரும்பிறதுக்குச் சென்னையிலை பேரைக் குடுத்திட்டு அவரைப்போலையே பிளேனிலை போவம் என்று சொல்லியிருக்கிறான்.

“ஒரு சொல்தானப்பா. வேறை ஒண்டும் கேக்கேல்லை. அவரை மருமோன் எண்டு கூப்பிடச் சொல்லேல்லை. வா எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கடையில் யாரோ மலையாளத்தில் பேரம் பேசுவது கேட்டது. பதினான்கு மாதத்துச் சொற்கள் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் பெருமூச்சு விடுவது கேட்டது.

“வா பிள்ளை” என்றார். “பிள்ளையையும் கொண்டு வா. அவரையும் வரச் சொல்லு.”

சொன்ன கையோடு அந்தப் பக்கத்தில் அவள் அவசரமாக, “யாரோ வாறாங்கள், வைக்கிறன் அப்பா, செவ்வாய் எடுக்கிறன்” என்றாள். தொடர்பு நின்றுவிட்டது.

அவள் கேட்டுவிட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். வேறு எப்படி நினைப்பது? சொல்ல வேண்டியதைச் சொன்னால் போய்ச் சேரும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சொல்வதுதான் பாடு என்று இத்தனை நாளும் நம்பியிருந்தவர். அன்றிரவு சிவலட்சுமி போன பிறகு முதன்முறையாக நன்றாக நித்திரை கொண்டார்.

திங்கள் காலை இரண்டாவது அறையைத் திறந்தார். அதில் விதைநெல் மூட்டைகள் கிடந்தன. பெரும்போகத்துக்கு உழுது போட்டிருந்த நேரம், இன்னும் ஒரு கிழமையில் விதைக்க வேண்டும். அவர் மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அடுத்த வளவு நடராசாவின் வீட்டு விறாந்தையில் கொண்டுபோய் அடுக்கினார். நடராசாவும் அவரைப்போலத் தமிழ்நாட்டிலிருந்து திரும்பியவர், ஒழுங்கை முகப்பில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். என்ன புதினம் என்று கேட்டார். மகள் வரப்போகிறாள் என்று செல்வநாயகம் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்து போனது அவருக்கே தெரிந்தது.

“மருமோனும் வாறாரோ?”

“ஓம். எல்லாரும்தான்.”

“கடல்காரனைக் கொண்டந்து வயலுக்குள்ளை இறக்கப் போறியள். பாருங்கோ அண்ணை, அவன் வரம்பிலை வலை கட்டிப்போட்டு மழையைப் பாத்துக்கொண்டிருக்கப் போறான்.”

செல்வநாயகம் சிரித்தார். கட்டுக்கரைக் குளத்தில் மீன் இருக்கிறதுதானே, பிடிக்கட்டும் என்றார். பின்னேரம் அறையைக் கழுவினார். சிலந்தி வலைகளை அடித்தார். அடம்பன் சந்தையில் பிள்ளை படுக்க ஒரு நுளம்பு வலையும் சிவப்பு நிறத்தில் சின்னப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றும் வாங்கினார். கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் ஒழுங்கையால் வந்ததை இரண்டு மூன்று பேர் கண்டார்கள். யாருக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார். அவர் நின்று பேசியதே அவர்களுக்குப் புதினம்.

செவ்வாய் மாலை மணி அடிக்கும்போது அவர் கதிரையில் தயாராக இருந்தார். சென்னையில் எந்தக் கந்தோரில் பேர் கொடுக்க வேண்டும், என்னென்ன கடுதாசிகள் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். ரிசீவரை எடுத்து, “சொல்லு பிள்ளை” என்று தொடங்கினார்.

“அப்பா, யோசிச்சீங்களே?” என்றாள் பிரேமினி.

அவருக்கு விளங்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது, அண்டைக்கே சொன்னேனே என்றார். அவள் அதற்கு மேலால் பேசிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு கேட்டும் நீங்கள் வாய் திறக்கவில்லை, பரவாயில்லை, திடீரென்று கேட்டால் யாருக்கும் கஷ்டம்தான், இன்றைக்குச் சொல்லுங்கோ என்றாள். செல்வநாயகம் உரத்துச் சொன்னார். வா என்றார். எழும்பி நின்றுகொண்டு சொன்னார். ரிசீவரை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கிணற்றடியில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். வெளியில் கட்டியிருந்த மாடு திரும்பிப் பார்த்தது.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறொருவராயிருந்தால் கலோ கலோ என்று கத்தியிருப்பார்கள், போனில் ஏதோ பிழை என்று சொல்லியிருப்பார்கள். பதினான்கு மாதமாகப் பேசாத மனிசனிடம் பேச்சு வரவில்லை என்றால் அதில் என்ன பிழையைக் காண்பது?

“முந்தி இருமலாவது கேக்கும்” என்றாள் அவள் மெதுவாக. “இப்ப அதுகூட இல்லை. கையாலை பொத்திக்கொண்டு இருக்கிறீங்கள் என்ன? நீங்கள் இருக்கிறதுகூட எனக்குக் கேக்கக்கூடாதெண்டு.”

“இல்லையம்மா” என்றார் அவர். “பொத்தேல்லை. நான் பொத்தேல்லை.”

“வியாழன் ஒருக்கா எடுக்கிறன். அதுதான் கடைசி. வைக்கிறன் அப்பா.”

அவர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வாய்ப்பக்கத்துச் சின்ன ஓட்டைகளைப் பார்த்தார். அவள் எடுத்தபோது தொலைபேசியில் விழுந்திருந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தார். அப்படி ஒரு இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் இங்கிலீசில் சொன்னாள். இணையத்தால் பேசுகிற கடைகளில் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பொய் இலக்கம் விழும்.

நடராசாவின் கைபேசியிலிருந்து கீர்த்தனனுக்கு எடுத்தார்கள். வேலையில் நின்றானோ என்னவோ, புதன் காலைதான் பிடிபட்டான். செல்வநாயகம் விசயத்தைச் சொன்னார். அவன் சொன்னான், செவ்வாய் அப்பாவோடு பேசி முடித்த கையோடு பிரேமினி தனக்கு எடுத்தாளாம். அப்பா வாய் திறக்கவில்லை என்று அழுதாளாம். தான் எப்போதும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னானாம், அப்பாவுக்குக் கோபம் இல்லை, உன்னை வரச்சொல்லி என்னட்டை சொன்னவர் என்று.

“ஒரு வருசமா இதைத்தான் சொல்லிக்கொண்டு வாறன் அப்பா. நீங்கள் சொல்லாமலே சொன்னனான். அவளுக்குத் தெரியும் நான் பொய் சொல்லுறதெண்டு. இந்தமுறை, அண்ணா, இனி உங்கட கதையைக் கேக்கிறதுக்கு நான் எடுக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டாள். போனிலை பிழை எண்டு எனக்கு அப்ப தெரியாதே.”

அவன் அங்கிருந்து பெட்டிக்கு எடுத்துப் பார்த்தான். செல்வநாயகம் எடுத்து, தம்பி, தம்பி என்றார். மகன் சொல்வது மணிபோலக் கேட்டது. அப்பா கதைக்கிறீங்களோ, எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, காத்துச் சத்தம்கூட இல்லை என்றான். பெட்டியை விற்ற கனடாக் கம்பனிக்கும் எடுத்துக் கேட்டிருக்கிறான். எங்கள் ரூட்டரைப் பாவித்தால் இப்படி வராது, வேறு ரூட்டர் பாவிப்பது உங்கள் விருப்பம், ஆனால் அதற்குள் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கே இணையம் தருகிற கம்பனியின் உதவி இலக்கத்துக்கு நடராசா எடுத்தார். ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்று கடைசியில் ஒரு பெண்பிள்ளை வந்தாள். நல்ல மரியாதையாகப் பேசினாள். ரூட்டர் எங்களுடையதோ என்று கேட்டாள். இல்லை, சொந்த ரூட்டர் என்றதும், சொந்த ரூட்டர் என்றால் எங்களால் பார்க்க முடியாது சேர் என்றாள். வேறேதும் உதவி தேவையா என்றும் கேட்டாள்.

மத்தியானம் நிதர்சன் வந்தான். மடிக்கணினியை ரூட்டரோடு கொழுவி ஒரு மணித்தியாலம் இருந்தான். அவன் நெற்றியில் வியர்வை வந்தது. போன் பேச்சுக்கு உதவியாக இருக்கட்டும் என்று இந்த ரூட்டருக்குள் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள், அந்த வசதிதான் வெளியில் போகிற குரலைப் பிடித்து வேறெங்கேயோ அனுப்புகிறது என்றான். அதை நிறுத்தினால் சரி. ஆனால் இந்த வகை ரூட்டரில் நிறுத்துகிற இடத்தைக் காட்டுவதில்லை.

“என்ர பிழை ஐயா. உள்ளை வாறதைத்தான் நான் பாத்தனான், வெளியிலை போறதைப் பாக்கேல்லை.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறொரு இடத்துக்குப் போனால் என்ன என்று நடராசா கேட்டார். நிதர்சன் தலை குனிந்தான். தன் கடையிலும் இதே ரூட்டர்தான், நல்லதென்று நம்பித்தானே ஐயாவுக்கும் தந்தேன் என்றான். ரவுணில் இரண்டு கந்தோர்களில் விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தானாம். ஒன்றில் பொறுப்பான ஆள் லீவில், மற்றதில் வெளிப் பெட்டி எதையும் கொழுவ விடமாட்டார்கள். கொழும்பிலிருந்து வேறு வகை ரூட்டருக்குச் சொல்லியாயிற்று, சனிக்கிழமை பஸ்ஸில் வரும்.

“சனிக்கிழமை” என்றார் செல்வநாயகம்.

இன்னொரு வழி இருந்தது. ரூட்டருக்குள் இருக்கிற முழுவதையும் அழித்துப் புதிதாக ஏற்றலாம். சரிவந்தால் குரல் போகும். ஏற்றுகிற பத்து நிமிடத்துக்குள் கரண்ட் போனால் ரூட்டர் செத்துவிடும், பிறகு மணிகூட அடிக்காது. அந்தக் கிழமை மழைக்குக் கரண்ட் ஒரு நாளைக்கு நாலுதரம் வந்து வந்து போனது. நிதர்சன் கையை விசைப்பலகையின் மேல் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான்.

செல்வநாயகம் ரூட்டரின் பச்சை விளக்குகளைப் பார்த்தார். செத்தால் வியாழக்கிழமை அவளுடைய குரலும் வராது.

“வேண்டாம்” என்றார். “இருக்கிறது இருக்கட்டும்.”

அன்று இரவு கீர்த்தனன் நடராசாவின் கைபேசிக்கு மறுபடி எடுத்தான். அவன் படுக்காமல் யோசித்திருக்கிறான். இப்போது நிதானமாகப் பேசினான்.

“அப்பா, ஒரேயொரு வழிதான் இருக்கு. நாளைக்கு மணி அடிச்சால் எடுக்காதேங்கோ. நீங்கள் எடுக்கிறதாலைதான் போன் வேலை செய்யுது எண்டு அவள் நினைக்கிறாள். எடுத்துப்போட்டுப் பேசாமல் இருந்தால் அது கோவம். எடுக்காட்டி? இத்தனை நாளிலை நீங்கள் எடுக்காமல் விட்டதில்லை. அப்பாவுக்கு என்னவோ எண்டு பயப்படுவாள். என்ன கோவம் எண்டாலும் எனக்கு எடுத்துக் கேப்பாள். நான் லீவு போட்டுட்டுப் போனோடை இருக்கிறன். அவள் எடுத்த உடனை நடராசா மாமான்ர போனையும் சேத்து விடுவன். நீங்கள் அவளோடை கதைக்கலாம். விளங்குதே? எடுக்கக்கூடாது.”

விளங்குது என்றார் செல்வநாயகம்.

வியாழன் ஐந்தரைக்கே நடராசா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கைபேசியை முழுக்க சார்ஜ் பண்ணி மேசையில் வைத்தார். மழை விட்டிருந்தது. தவளைகள் கத்தின. நடராசா கதிரையில் இருந்து கறுப்புப் பெட்டியையும் செல்வநாயகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணை, இந்த வயரைக் கழட்டி விடுவமே? கழட்டினால் உங்களுக்கும் ஆக்கினை இல்லை.”

“கழட்டினால் அவள் எடுத்தாளோ இல்லையோ எண்டு தெரியாது.”

“எடுப்பாள். அப்ப என்ர வீட்டை வாங்கோ, அங்கை இருந்து கதைப்பம். அங்கை மணிச் சத்தமும் கேக்காது.”

“இங்கையே இருப்பம் நடராசா. நான் எடுக்கமாட்டன்.”

ஆறு மணியாகி ஐந்து நிமிடம் போலச் சென்றிருக்கும், மணி அடித்தது. செல்வநாயகம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நடராசா நிலத்தைப் பார்த்தார். அந்தச் சின்ன வீட்டுக்குள் அந்த மணிக்கு இவ்வளவு சத்தம் இருக்கும் என்று செல்வநாயகம் இதுவரை கவனித்ததில்லை. எப்போதும் இரண்டாவது மணிக்கே எடுத்துவிடுகிறவர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பால் வாங்க வந்த கடையில், காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு, மற்றக் கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பது அவருடைய மனக்கண்ணில் தெரிந்தது. மணி நின்றது.

நடராசா கைபேசியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். சமிக்ஞை முழுதாக இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் போனது. செல்வநாயகத்துக்கு மனம் நூறு பக்கம் ஓடியது. இனி எடுக்கமாட்டன் என்று தமையனிடம் சொல்லி வைத்தவள் எடுப்பாளா? ரோசக்காரி. அந்த ரோசம் எங்கிருந்து வந்ததென்று அவருக்குத் தெரியும். இப்போது கடையை விட்டு இறங்கி நடந்துகொண்டிருப்பாளோ? அப்படியென்றால் அவர் காதில் கடைசியாகக் கேட்டது வெறும் மணிதானோ? இருபது நாள் கடல். கடலை அவரும் ஒருதரம் கடந்தவர், ஒரு இரவுதான் கடந்தார், அந்த இரவில் பக்கத்தில் வந்த படகு விடியும்போது இருக்கவில்லை.

தொலைபேசி மறுபடி அடித்தது.

“அண்ணை” என்றார் நடராசா. “இருங்கோ. இன்னும் கொஞ்சம்.”

செல்வநாயகம் இருந்தார். இருந்தார் என்றுதான் அவரும் நினைத்தார். கை எப்போது வெளியில் வந்தது, எப்போது எழும்பினார் என்று பிறகு யோசித்துப் பார்த்தபோதும் அவருக்குப் பிடிபடவில்லை. ரிசீவர் காதில் இருந்தது.

“அப்பா.” அவள் மூச்சு வாங்கினாள். “எடுத்திட்டீங்கள். முதல்தரம் எடுக்கேல்லை, எனக்கு நெஞ்சு திக்கெண்டு போச்சுது. உங்களுக்கு ஏதும் நடந்திட்டுதோ, அண்ணாட்டையாவது கேப்பம் எண்டு அவற்ரை நம்பரை அமத்தத் துவங்கிட்டன். பாதியிலை நிப்பாட்டிப்போட்டு இன்னொருக்கா உங்களுக்கே எடுப்பம் எண்டு எடுத்தனான். நல்லகாலம்.”

செல்வநாயகம் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் மேசையில் சாய்ந்தார். பிள்ளை, இப்ப வை, வைச்சுப்போட்டு அண்ணாவுக்கு எடு என்றார். கெஞ்சினார். ரிசீவரை வைத்துவிட்டால் அவள் ஒருவேளை எடுப்பாள் என்ற நினைப்பு வந்தது. வைத்தால், முகத்தில் அடித்ததுபோல் வைத்தார் என்றல்லவா நினைப்பாள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. இரண்டுக்கும் நடுவில் அவர் கை அசையாமல் நின்றது.

“நீங்கள் சுகமா இருக்கிறீங்கள் எண்டு தெரிஞ்சால் காணும்” என்றாள் பிரேமினி. அவள் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால்கூடப் பரவாயில்லைப் போல இருந்தது. “வரச்சொல்ல உங்களுக்கு மனம் வரேல்லை. எனக்கு விளங்குது. இனிக் கேக்கமாட்டன். பொறுங்கோ, ஹம்சிகாட்டை குடுக்கிறன். அம்மப்பாவுக்குப் போயிட்டு வாறன் எண்டு சொல்லு குஞ்சு.”

“போயிட்டு வாறன்” என்றது குழந்தை. செல்வநாயகம் அதன் பெயரைச் சொன்னார். குழந்தை கொஞ்சம் காத்திருந்தது. பிறகு முகாமுக்கு வெளியே பழகிய தமிழில், “அங்க யாருமே இல்லம்மா” என்றது.

“இருக்கிறார். அம்மப்பா அப்பிடித்தான்.”

அவர் பேசத் தொடங்கினார். நடராசா இருப்பதையும் மறந்து பேசினார். அறை கழுவியிருக்கிறேன் என்றார். விதைநெல்லை அப்புறப்படுத்திவிட்டேன், சுவருக்கு இனித்தான் சீமெந்து பூசவேணும், மழை விட்டதும் பூசலாம் என்றார். ஜெகதீபனைத் தம்பி என்று சொன்னார். அம்மா சாகிற அன்றும் உன்னைத்தான் கேட்டவள், உன்னட்டைச் சொல்லச் சொன்னவள், நான் சொல்லேல்லை என்றார். வா என்று எத்தனை தரம் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் அவளும் பேசாமல், வைக்காமல் இருந்தாள். அவளுடைய மூச்சு கேட்டது. கடைக்கு வெளியே போகிற வாகனங்கள் கேட்டன. பிள்ளை எதையோ வாங்கித் தரச்சொல்லி அடம்பிடிப்பது கேட்டது. எல்லாம் கேட்டது.

“வைக்கிறன் அப்பா” என்றாள்.

அவர் ரிசீவரை வைக்கவில்லை. நடராசா எழும்பி வந்து அதை மெல்ல வாங்கி வைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மேசையில் கைபேசி அதிர்ந்தது. நடராசா பாய்ந்து எடுத்துக் காதில் வைத்தார், கீர்த்தனன் மட்டும்தான் என்று கேட்டதும் முகம் விழுந்தது. அதைச் செல்வநாயகத்திடம் நீட்டினார்.

“அப்பா” என்றான் கீர்த்தனன். “எனக்கு இன்னும் எடுக்கேல்லை. இப்ப ஆறரை ஆகுதெல்லோ அங்கை? மணி அடிச்சதே? நீங்கள் எடுக்கேல்லைத்தானே?”

செல்வநாயகம் வாசலைப் பார்த்தார். வெளியில் இருட்டிவிட்டிருந்தது.

“அப்பா? நான் கதைக்கிறது கேக்குதே?”

“கேக்குது தம்பி” என்றார். “நான் எடுத்திட்டன்.”

ரொறன்ரோவிலிருந்து பதில் வரவில்லை. மகன் மூச்சு விடுவது மட்டும் தெளிவாகக் கேட்டது. செல்வநாயகம் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.